கை கழுவிய நீர்

மான்டெவீடியோவில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின்
தரைத்தளத்தில் இருக்கிறேன்.
மேலே எல்லோரும் கை கழுவிவிடுகிறார்கள்.
கழுவியது என்னிடம் வருகிறது.

என் பெயர் நீபியா.
படிக்கட்டில் கேட்டால் "முற்றத்துக்காரி" என்பார்கள்.
முற்றம் என்றால் ஆறடிக்கு எட்டடி:
ஒரு துணிக்கொடி, காற்றிறங்கிய சைக்கிள்,
நடுவே சிமென்ட் மூடி போட்ட கொழுப்புத் தொட்டி.
ஐந்து அடுக்களைத் தண்ணீரும் அதில் இறங்கி
சற்றே நின்று, எண்ணெயை விட்டுவிட்டுத்
தெருவுக்குப் போக வேண்டும்.
வேண்டும்.

யாரையும் நான் வேவு பார்த்ததில்லை.
பச்சைத் தூள் மிதந்தால் மூன்றாம் மாடி ஒராசியோ.
மாத்தே குடித்த குடுவையை சிங்க்கில் தட்டிவிட்டு
"இலைதானே, கரைந்துவிடும்" என்பார்.
இலை கரையாது ஐயா, காத்திருக்கும்.
மாட்டுக்கொழுப்பு வரட்டும், கூட்டுச் சேரலாம் என்று
குழாயின் வளைவில் குந்தியிருக்கும்.
ஞாயிறு மதியம் அதுவும் வரும்,
இரண்டாம் மாடி செல்மாரின் இறைச்சித் தட்டிலிருந்து.
கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறான்;
சூடாக இருந்தால் ஓடிவிடுமாம்.
ஓடும். என் வீடு வரைக்கும்.
முதல் மாடி நோட்டரி அம்மாள் இர்மா
தன் சிங்க்கில் சொட்டு எண்ணெய்கூட இறங்காது என்று
சத்தியம் செய்வார்.
பூண்டு மட்டும் அவர் சத்தியத்தை மீறி வரும்.

ஜூலை எங்களுக்குக் குளிர்காலம்.
மாதம் இருபத்தொன்பது என்றால்
வீட்டுக்கு வீடு உருளைக்கிழங்கு நொக்கி.
தட்டுக்கடியில் காசு வைத்துத் தின்றால்
அடுத்த மாதம் பணம் தட்டாதாம்.
வேகவைத்த மாவுத் தண்ணீர்
ஐந்து வீட்டுப் பசையாக இறங்கியது.
இரவு ஒன்பதரைக்கு
என் சிங்க் ஒரு ஏப்பம் விட்டது.
பிறகு வாந்தி.

குழாய்க்காரரை அழைத்தேன். பெயர் வாஷிங்டன்.
பெயருக்கேற்பத் தேர்தலுக்குத் தேர்தல்தான் வருவார்.
ரப்பர் கிண்ணத்தால் அழுத்தினேன்.
பசை கீழே போய், யோசித்து, திரும்பி வந்தது.
படிக்கட்டில் நின்று கத்தினேன்:
"யாரும் குழாயைத் திறக்காதீர்கள்!"
மேலே எங்கோ ஒருவர்
நான் நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்க்கத் திறந்தார்.

இறங்கி வந்தது ஒருத்திதான்,
நான்காம் மாடி யூஸ்லெய்டி.
கியூபாவிலிருந்து வந்து பத்தொன்பது நாள்.
"எங்கள் ஊரில் இருபத்தொன்பதுக்கு ஒன்றும் கிடையாது" என்றாள்,
குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் போல.
போன் விளக்கைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள்.

கடப்பாரையால் மூடியை நெம்பினேன்.
மேலே ஒரு சாண் வெள்ளை, பாறை மாதிரி.
சூப்புக் கரண்டியால் வெட்டி வெட்டி
மூன்று வாளி.
அப்புறம் கம்பிக் கொக்கியை வாயில் விட்டு
திருகி, இழுத்து, திருகி,
பச்சையாக ஒரு கயிறே வந்தது;
இலையும் மாவும் சேர்ந்து முறுக்கிய கயிறு.
பிறகு அந்தச் சத்தம்.
தாகத்தோடு வந்தவன் ஒரே மூச்சில் குடிப்பது போல.
யூஸ்லெய்டி கைதட்டினாள். விளக்கு ஆடியது.
கரண்டியில் ஏதோ மின்னியது.
பத்து பேசோ நாணயம்.

கழுவித் துடைத்து
மீட்டர் பெட்டி மேல் வைத்தேன், ஒரு சீட்டோடு:
"தொட்டியில் கிடைத்தது. உரியவர் எடுத்துக்கொள்ளலாம்."

ஒருவரும் எடுக்கவில்லை.
காசு என்னுடையது என்றால்
அடைப்பும் என்னுடையது.
ஒராசியோ அதைப் பார்க்காமல் பார்த்துப் போனார்.
செல்மார் விசில் அடித்துப் போனான்.
நோட்டரி அம்மாள்
சீட்டில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது காலை
நாணயத்தைக் காணோம்.
அன்றிரவு ஐந்து வீட்டிலும் நொக்கி
(யூஸ்லெய்டிக்கு நான் கொடுத்தனுப்பினேன்).
என் சிங்க் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடியலில் என் கதவோரம்
ஒரு தயிர் டப்பா.
விளிம்புவரை உறைந்த கொழுப்பு.
பெயர் எழுதவில்லை.
மோந்து பார்த்தேன்.

பூண்டு.